தாய்மாமன் கொண்டுவந்த கத்திரிக்கோல்

எங்கள் ஊரில் பிள்ளைகள் கறிவேப்பிலையின் அடிப்பக்கத்தில் முட்டையாக ஒட்டிக்கொண்டுதான் வருவார்கள். என் மகள் நறுமுகையும் அப்படித்தான் வந்தாள். பொரிந்ததும் முட்டை ஓட்டையே முதலில் தின்று தீர்த்தாள். எதையும் வீணாக்காத பிள்ளை என்று எனக்கு ஒரே பெருமை. அதன்பிறகு கறிவேப்பிலையைத் தவிர எதையும் தொடவில்லை. தோல் இறுக்கமானால் உரித்துக் கொடியில் போட்டுவிட்டு, புதுத் தோலில் பள்ளிக்கூடம் போவாள். கொசுறு கறிவேப்பிலை கேட்டுக் கேட்டுச் சந்தையில் நான் வாங்காத திட்டு இல்லை.

போன மாதம் ஊஞ்சல் கொக்கியில் தலைகீழாகத் தொங்கிக் கூடாகிவிட்டாள்.

"ஒரு வாய் சாப்பிட்டுட்டுத் தொங்கக் கூடாதாடி?" என்று என் மனைவி சுகந்தி கேட்டுக்கொண்டே இருந்தாள். உள்ளே பிள்ளை கரைந்து குழம்பாக இருக்கும் நேரம். பதில் சொல்ல வாய் கிடையாது.

நேற்றுக் காலை கூடு தெளிந்து, மடித்த இறக்கை வெளியே தெரிந்தது. சேதி கேட்டு மைத்துனர் ஞானசேகரன் சீர்த்தட்டோடு வந்துவிட்டார். வெற்றிலை, பழம், நடுவில் புதுக் கத்திரிக்கோல். தாய்மாமன்தான் கூட்டை வெட்டித் திறக்க வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். கீழ்வீட்டுப் புகழேந்திக்கு அவன் மாமா அப்படித்தான் திறந்துவிட்டார். தானே முட்டி மோதி வந்தால்தான் இறக்கை விரியும். புகழேந்தி இன்றும் கசங்கிய இறக்கையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறான்.

கூடு உள்ளிருந்தே கிழிந்தது. நறுமுகை பாதியில் சிக்கிக்கொண்டு திணறினாள்.

"தள்ளு சுகந்தி, புள்ள தவிக்குது," என்றார் மைத்துனர்.

சுகந்தி இறக்கையை விரித்துக் குறுக்கே நின்றாள். "தவிக்கட்டும்ணே. கத்திரிய உள்ள வை."

"அப்ப என் சீருக்கு என்னம்மா மரியாதை?"

"ஜன்னலத் தொறந்து வை. காத்து வரட்டும். அதான் சீரு."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் திறந்தார். சுகந்தி மகளைப் பார்க்கவே இல்லை. இரண்டு கையாலும் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

மத்தியானத்துக்குள் நறுமுகை வெளியே வந்துவிட்டாள். இறக்கை காய்ந்ததும் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அம்மாவின் உள்ளங்கையில் ஒரு காலை ஊன்றினாள். இறக்கை முளைத்துவிட்டால் காலால்தான் ருசி பார்க்க வேண்டும்.

"உப்புக் கரிக்குதே. அழுதியாம்மா?"

சுகந்தி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். நறுமுகை சமையற்கட்டுக்குப் பறந்துபோய்ச் சாம்பாரில் ஒரு காலை வைத்தாள்.

"இதுலதான் உப்பே இல்ல."

மைத்துனர் எழுந்து போய்க் காலைக் கழுவிக்கொண்டு வந்து, தானும் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆமா, இல்ல," என்றார்.