சட்டைப்பையில் இருந்த அன்னம்

பாலு கை வைத்தால் எந்தக் கம்ப்யூட்டரும் பறக்கும் என்று ஆரணியில் அவன் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நம்பினார்கள். நம்ப வைத்தது அவன்தான். ரைஸ் மில் ஆபீசில் பில் போடுகிற வேலை. அங்கே கற்ற நாலு வித்தையை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமையானால் யார் வீட்டிலாவது போய் உட்கார்ந்துவிடுவான். காசு வாங்க மாட்டான். வடை பாயசத்தோடு சாப்பாடு, கிளம்பும்போது புகழ்ச்சியாக நாலு வார்த்தை, அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தைக்காக வந்தவாசிக்குக்கூட பஸ் ஏறுவான்.

அப்படித்தான் தை மாதம் தாய்மாமன் சம்பந்தம் வீட்டுக்கும் போனான். சம்பந்தம் பட்டுப் புடவைக்கு ஆர்டர் பிடித்துத் தறி ஓட்டுகிறவர். டிசைன் போடுவது அவர் மருமகள் ராதிகா. அவள் கம்ப்யூட்டரில் போடும் படத்தைப் பென் டிரைவில் ஏற்றித் தறிமேல் இருக்கும் பெட்டியில் செருகினால் அதன்படியே ஜரிகை விழும். எட்டு மாதக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டே மயிலும் யானையும் வரைவாள். அந்த வீட்டில் மருமகளிடம் மாமனார் யோசனை கேட்பதென்றால், அவள் அந்த நாற்காலியில் இருக்கும்போது மட்டும்தான். இப்போது கம்ப்யூட்டர் ஆமையாய் நகர்கிறது, ஒரு படம் திறப்பதற்குள் குழந்தை ஒரு தூக்கம் தூங்கி எழுந்துவிடுகிறது என்று அவள் சொல்லியனுப்பியிருந்தாள்.

பாலு வேண்டாத புரோகிராம்களை நீக்கினான். அதிலேயே மிஷின் சரியாகிவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். விடுவானா? டிசைன்கள் இருக்கும் ஃபோல்டருக்குள் புகுந்தான். அங்கே 'அன்னம்' என்று ஒன்று, 'அன்னம் காப்பி' என்று ஒன்று. அளவைப் பார்த்தான். இரண்டும் இம்மி பிசகாமல் ஒன்று. சரி, இடத்தை அடைத்துக்கொண்டு இரண்டு எதற்கு என்று காப்பியை அழித்தான். குப்பைத் தொட்டியையும் காலி செய்தான். சின்னப் பிள்ளையாக இருந்தால்கூட ஒருமுறை திறந்து பார்த்திருக்கும். இவன் பெரிய வைத்தியன், நாடி பிடித்தா பார்ப்பான்?

ராதிகாவுக்கு ஒரு பழக்கம். பறவையோ மிருகமோ, உடம்பு முழுக்க வரைந்து, மாமனார் சரி என்ற பிறகு, ஒரு காப்பி எடுத்து அதில்தான் கண் வைப்பாள். சிலைக்குக் கடைசியில் கண் திறக்கிற மாதிரி. நெசவு ஆரம்பித்ததும் கண் இல்லாததை அழித்துவிடுவாள். ஒரு கண்ணுக்கு நாலு புள்ளி. அந்த மாதிரிப் படத்தில் நீள அகலம் மாறாதவரை நாலு புள்ளி கூடினாலும் குறைந்தாலும் அளவு மாறாது. இது பாலுவுக்குத் தெரியாது. தனக்குத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியாது.

மறுவாரம் அவள் புருஷன் தனசேகரன் கம்ப்யூட்டரில் இருந்த ஒரே அன்னத்தை எடுத்துத் தறிக்குக் கொடுத்தான். ஜரிகை மினுக்கில் நெய்தவருக்கும் தெரியவில்லை. புடவையைத் தறியிலிருந்து அறுத்து விரித்தபோதுதான் பார்டர் முழுக்கக் கண்ணில்லாத அன்னங்கள். ஆர்டர் கொடுத்திருந்த வந்தவாசிக் கல்யாணப் பெண்ணின் அம்மா புடவையைத் தொடக்கூட இல்லை. குருட்டுப் பட்சியைக் கட்டிக்கொண்டா என் பெண் மணவறையில் உட்காருவாள் என்று எழுந்து போய்விட்டாள்.

யாரும் ராதிகாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பிள்ளை பெற்ற உடம்பு, மறதி சகஜம்தான் என்று மாமியார் ரேணுகாம்பாள் தலையைத் தடவினாள். இனிமேல் டிசைனை வெளி ஆளிடம் கொடுத்துவிடலாம், பங்குனி பிறந்ததும் ஆள் வருவான், நீ குழந்தையைப் பாரம்மா என்று சம்பந்தம் அன்பாகவே சொன்னார். கண் வைத்தேன் மாமா என்று அவள் சொன்னாள். கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தால் காப்பியே இல்லை.

அவள் பாலுவைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நான் கண்ணு வெச்சேனா இல்லியான்னு இதுல எங்கனா தெரியுமா?"

பாலுவுக்கு அப்போதுதான் உறைத்தது. நேரம் கடத்த, ஒரு ஃபைலுக்கு இரண்டு தேதி பார்ப்பது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். கடைசியாகக் கை வைத்த தேதி ஒன்று, இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த தேதி இன்னொன்று. அவள் காபி போடப் போனதும், தன் பென் டிரைவைச் செருகி, அழித்ததை மீட்கிற புரோகிராமை ஓட்டினான். வந்துவிட்டது. பென் டிரைவில் அன்னம் வரிசையாக நின்றது, ஒவ்வொன்றுக்கும் கண்ணோடு. மகாராசி, வைத்துத்தான் இருந்தாள்.

வாயைத் திறக்கப் போனான். அதே நேரம் கூடத்தில் யாரிடமோ சம்பந்தம் பேசுவது கேட்டது. "எங்க பாலு வந்துகினு இருக்கறவரைக்கும் மிஷினப் பத்தி எனக்குக் கவலையே இல்லீங்க."

பாலு பென் டிரைவைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டான். ராதிகா காபியோடு வந்து நின்றாள். "தெரியலம்மா" என்றான். அந்தக் காபியையும் குடித்தான், பாவி.

பதினைந்து நாள் அந்தப் பென் டிரைவ் அவன் சட்டைப்பையிலேயே கிடந்தது. சட்டை மாற்றும்போது அதையும் மாற்றிப் போட்டுக்கொள்வான். எறியவும் மனசு வரவில்லை, கொடுக்கவும் தைரியம் வரவில்லை. தறிச் சத்தம் கேட்கிற தெருக்களை விட்டுச் சுற்றிப் போனான்.

ஒருநாள் டாக்டர் வீட்டு வாசலில் ராதிகாவே எதிர்ப்பட்டாள். குழந்தைக்குச் சளி. அவள் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. என்னம்மா இது என்று கேட்டான். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே காட்டினாள். ஆறு மணி பால். ஏழரை மருந்து. கேஸ் மூடியாச்சு. கதவு பூட்டியாச்சு.

"என்னிய நானே நம்ப முடியலண்ணா. குழந்தைக்குப் பால் குடுத்தனா இல்லியான்னு அவர ரெண்டு வாட்டி கேட்டுகினு இருக்கேன். அவருதான் எழுதி வையின்னாரு."

பாலு அந்த நோட்டை வாங்கவில்லை. அன்றைக்கு மில்லில் போட்ட பில் அத்தனையும் தப்பு.

ஞாயிற்றுக்கிழமை போனான். போனவன் நேராகச் சொன்னானா? மானம் என்று ஒன்று இருக்கிறதே, அது பாதி வழியில் குறுக்கே படுத்துக்கொண்டது. எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தான். ஒருவேளை நான் சுத்தம் செய்தபோது கைதவறி அழிந்திருக்குமோ என்று நேற்றுத்தான் தோன்றியது, தேடிப் பார்க்கிறேன் என்றான். பென் டிரைவைச் செருகினான். கால் மணி நேரம் எதையெதையோ தட்டினான். பிறகு "வந்துடுச்சு" என்றான்.

சம்பந்தம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். "வெச்சிருக்காளே" என்றார். மருமகள் முகத்தைப் பார்க்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அங்கேயே போனை எடுத்து வெளி ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். தனசேகரன் அந்த நோட்டைத் தூக்கி அலமாரிமேல் எறிந்தான். ரேணுகாம்பாள் கேசரி கிண்ட உள்ளே ஓடினாள். தப்பை ஒத்துக்கொள்ள ஒரு மனசு வேண்டும், எங்கள் பாலுவுக்கு அது இருக்கிறது என்று சம்பந்தம் அவன் தோளைத் தட்டினார். அந்த நேரத்திலும் அந்த நாலு வார்த்தை பாலுவுக்கு இனித்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குக் கூசுகிறது.

பாலுவைத் தவிர எல்லாரும் கூடத்துக்குப் போன பிறகு ராதிகா நாற்காலியில் உட்கார்ந்தாள். அன்னத்தைப் பெரிதாக்கிக் கண்ணைப் பார்த்தாள். அப்புறம், அவன் சொல்லிக்கொடுத்தபடியே, தேதியைப் பார்த்தாள். தான் வரைந்த தேதியைப் பார்த்துச் சிரித்தாள். அடுத்த வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. பென் டிரைவுக்கு அந்த ஃபைல் வந்து சேர்ந்த தேதி அங்கே இருந்தது. அவள் அவனுக்குக் காபி போட்ட நாள். காபி போட்டுக்கொண்டிருந்த நேரம்.

அவள் நாற்காலியைத் திருப்பி அவனைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"அன்னிக்கே உங்க பையில இருந்திச்சாண்ணா?"

பாலு தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்ல இன்னும் இரண்டு வழி அவனுக்குத் தெரியும். இரண்டும் நாக்குக்கு வரவில்லை. "ஆமாம்மா" என்றான்.

"நான் பைத்தியமாயிட்டனோன்னு சாமி கிட்ட அழுதுகினு இருந்தேன். நான் கண்ணு வெச்சது உங்களுக்கு மட்டும் தெரிஞ்சிருந்திச்சு." அவள் கண்ணைத் துடைத்தாள். "இத நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

கூடத்திலிருந்து சம்பந்தம் குரல் கொடுத்தார், கேசரி ஆறுகிறதாம். பாலு போனான். நடுவில் அவனுக்கு இடம் விட்டு எல்லாரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள். ரேணுகாம்பாள் முந்திரியாகப் பொறுக்கி அவன் தட்டில் வைத்திருந்தாள். ராதிகா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவோரம் வந்து நின்றாள்.

பாலு உட்காரவில்லை.

"மாமா, நான் இன்னும் முழுசா சொல்லல" என்றான்.