முத்தண்ணைக்கு எடுக்கத் தேவையில்லை

நோர்வேயின் வடக்கு முனையில் எங்கள் நிறுவனத்துக்கு ஒரு ரேடார் இருக்கிறது. கப்பல் தேடுகிற ரேடார் அல்ல. வானத்தைப் பார்த்து நிற்கும் அன்ரெனாக்கள் அலையை மேலே அனுப்பும். திரும்பி வருவதை வைத்து, எந்த உயரத்தில் காற்று எப்படி வீசுகிறது என்று கணிப்போம். அந்தப் படத்தை, கடல் தாண்டி ஹரோவில் ஒரு வாடகை அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.

அன்ரெனாக்களில் ஈரப்பனி ஒட்டினால் அலை பலவீனமாகும். படத்தில் மேல் உயரங்கள் முதலில் மறையும். உடனே செபமாலைமுத்து அண்ணைக்குப் போன் எடுப்பேன். மன்னார்க்காரர். மீன் தொழிற்சாலை வேலைக்கு நோர்வே போனவர். அது மூடியபின் ரேடாரைப் பார்த்துக்கொள்கிறார். மனைவி பிள்ளைகள் ஒஸ்லோவுக்குப் போய்விட்டார்கள்.

"முத்தண்ணை, எட்டுக் கிலோமீற்றருக்கு மேல ஒண்டும் தெரியேல்லை."

"கீழ தெரியுதெல்லே? அங்கதானே சனம் இருக்குது."

அப்படிச் சொன்னாலும் தடியோடு போய்விடுவார். போனை வைக்க விடமாட்டார். ஒவ்வொரு வரிசையாகப் பனியைத் தட்டிவிட்டு, தெரியுதோ என்று கேட்பார். பல நாட்களில் நான் தமிழில் பேசுவது அவ்வளவுதான்.

இந்தக் குளிர்காலம், பனி ஒட்டினால் கணினியே அவருக்கு மெசேஜ் அனுப்பும் என்று நிறுவனத்தில் சொன்னார்கள். முதல் பனிக்கு நான் போன் எடுக்காமல் பார்த்திருந்து, அது சரிவருகிறதா என்று எழுதவேண்டும். சரிவரவில்லை என்று எழுதினால் பழையபடி நானே எடுக்கலாம்.

செவ்வாய்க்கிழமை படத்தின் மேல்பாதி வெறுமையானது. போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரத்தில் உயரங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முத்தண்ணை தனியாகவே தட்டி முடித்திருந்தார். சரிவருகிறது, இனி எடுக்கத் தேவையில்லை என்று எழுதி அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை படம் முழுக்கத் தெளிவாக இருந்தது. அன்று அவருக்கு எடுத்தேன்.

"பொறு, சப்பாத்தைப் போடுறன்," என்றார்.

"பனி இல்லை அண்ணை. சும்மாதான் எடுத்தனான்."

பனி என்ற சாட்டு இல்லாமல் நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. என்ன நினைப்பாரோ என்று பயமாக இருந்தது.

"அண்டைக்கு மெசேஜ் வந்தது தங்கச்சி," என்றார் பிறகு. "தட்டிப்போட்டுத் தெரியுதோ எண்டு கேக்கத்தான் ஆளில்லை."

இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்டேன். மீன் குழம்பாம். புளி காணாதாம். புளி வாங்க எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று சொல்லத் தொடங்கினார்.