சுண்டெலி அழுத காட்சி

காட்சிகளை வெட்டுவதில் ஈவு இரக்கம் பார்க்காத எடிட்டர் என்பதால் அவருக்குக் கத்தரி என்று பெயர். சின்னவர்கள் மரியாதைக்கு ஓர் அண்ணாவைச் சேர்த்துக் கத்தரி அண்ணா ஆக்கியிருந்தார்கள். அந்தக் கத்தரி காலையிலிருந்து ஒரே காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒரு வெட்டும் விழவில்லை.

தயாரிப்பாளர் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கையிலும் தேநீர்க் கோப்பை.

"அண்ணா, சுண்டெலி சீன் ரெடியா?"

"ஆகுது."

"அத கடைசியா வைங்க. மத்ததெல்லாம் ஊறுகாய், அதான் சாப்பாடு."

நிகழ்ச்சிக்கு 'மறுபடியும் வியாழக்கிழமை' என்று பெயர். வியாழக்கிழமைகளில் வந்த பழைய தொடர்களிலிருந்து துண்டுகளைக் கோத்து, நடித்தவர்களை வரவழைத்து, பார்த்தவர்களைப் பேசவிடுவார்கள். தயாரிப்பாளர் அந்தக் காலத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை. தொடர்களின் பெயரைச் சொன்னாலே அவளுக்குக் குரல் மாறிவிடும்.

"எங்க வீட்ல அந்த சீன் வந்தப்ப எங்கப்பா சட்டுன்னு எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டாரு. குடிக்கிறாரு, குடிக்கிறாரு, முடிவுப் பாட்டு முடியிற வரைக்கும் குடிக்கிறாரு. அழறத நாங்க பாத்துடக்கூடாதாம். தெருவுல போன ஒருத்தர் வண்டிய நிறுத்திட்டு எங்க ஜன்னல்ல நின்னு பாத்தாரு. யாருன்னே தெரியாது. அவரும் மூக்கச் சிந்திக்கிட்டே போனாரு."

"ம்."

"நீங்கதானே அப்ப அசிஸ்டென்ட்? அவ்ளோ சின்னப் புள்ளைய எப்படிண்ணா அப்படி அழ வச்சீங்க?"

"டைரக்டர் பெரிய ஆளும்மா."

அது பொய் இல்லை. கேள்விக்குப் பதிலும் இல்லை. அவள் கோப்பையை வைத்துவிட்டுப் போனாள்.

ஒளிபரப்பான பிரதி எப்போதோ பூஞ்சை பிடித்துப் போயிருந்தது. கிடங்கில் அகப்பட்டது படப்பிடிப்பில் ஓடிய மூல டேப். கணினியில் ஏற்றும்போது ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் தாங்கியது. பிறகு நாடா அறுந்து சுருண்டுவிட்டது. இனி இருப்பது அவர் திரையில் இருப்பது மட்டும்தான். ஊர் பார்த்தது, குழந்தை அழத் தொடங்கியதிலிருந்து. மூல டேப்பில் அதற்கு முந்தியதும் இருந்தது.

அன்று குழந்தைக்கு அழுகை வரவில்லை. முன் பற்கள் இரண்டும் பெரிதாக இருந்ததால் தொடரில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். கிளிசரின் விட்டால் கண்ணைக் கசக்கிக்கொண்டு சிரித்தாள். ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இயக்குநர் இவரைத் தனியே கூப்பிட்டு, "எதையாவது பண்ணித் தொலைய்யா, வெளிச்சம் போகுது" என்றார். இவர் குழந்தையின் அம்மாவிடம் போனார். என்ன செய்யப்போகிறார் என்று சொன்னார். அந்த அம்மாள் கையைப் பிசைந்தாள். வேற வழி இல்லையா தம்பி என்றாள். பிறகு தலையாட்டினாள்.

கேமரா அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. அதனால் எல்லாமே பதிவாகியிருந்தது. படச் சட்டத்தின் ஓரத்தில் அம்மா. வாசலைத் தாண்டுகிறாள், திரும்பிக் குழந்தையைப் பார்க்கிறாள், வெளியிலிருந்து தானே கதவைச் சாத்துகிறாள். அப்புறம் இவருடைய குரல். இளமையான, அவசரமான, சாமர்த்தியமான குரல்.

"பாப்பா, அம்மா போயிட்டாங்க. நீ ஒழுங்கா அழலன்னு கோவிச்சுக்கிட்டு உன்ன விட்டுட்டுப் போயிட்டாங்க. இனிமே நீ இங்கதான்."

குழந்தை கதவைப் பார்த்தது. பிறகு அழுதது.

இயக்குநர் இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடுத்த தொடரில் இவருக்குப் பதவி உயர்வு என்றார். இவர் அந்தத் தொடருக்குப் போகவில்லை. மனிதர்கள் முகத்துக்கு நேராக நிற்காத வேலையாகப் பார்த்து எடிட்டிங் அறைக்குள் நுழைந்தவர், அப்படியே தங்கிவிட்டார்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது.

"நாளைக்குத்தான் ரெக்கார்டிங்னு தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துடலாம்னு வந்தேன். உள்ள வரலாமா?"

பற்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது.

"வாங்க. உக்காருங்கம்மா."

"பல்லப் பாத்துட்டீங்கல்ல? எல்லாரும் அதத்தான் பாப்பாங்க. பல்லுக்குப் பேர் வச்சாங்க, நான் பல்லையே பொழப்பாக்கிட்டேன்." அவள் இப்போது பல் மருத்துவர். "பேஷண்ட் வாயத் தொறந்துக்கிட்டே 'சுண்டெலிதானே'ங்கறாங்க. வாயில ட்ரில் இருக்கேன்னு ஒரு பயம் கெடையாது."

அவர் சிரிக்க முயன்றார்.

"செட்டுல உங்கள மாமான்னுதான் கூப்பிடுவேனாம். அம்மா சொல்லுவாங்க. எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. அப்படியே கூப்பிடலாமா?"

"கூப்பிடுங்க."

அவள் கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"அம்மா போன வருஷம் போயிட்டாங்க மாமா. எனக்கு அழுகையே வரல. ஒரு சொட்டு வரல. கூட்டமே என் மூஞ்சியப் பாத்துட்டிருக்கு. சித்தி எல்லார் முன்னாடியும், 'டிவியில மட்டுந்தான் அழுவா போல'ன்னுட்டாங்க. அது போகட்டும். ஆனா யோசிச்சுப் பாத்தேன். ஆறு வயசுல அம்மா அம்மான்னு அப்படி அழுதிருக்கேன். நெஜ அம்மா போனப்ப கல்லு மாதிரி உக்காந்திருக்கேன். அப்ப எனக்கு என்ன சொல்லிக் குடுத்தீங்க? அது தெரிஞ்சா போதும்."

நீங்க நல்லா நடிச்சீங்க என்று சொல்லிவிடலாம். இத்தனை வருஷமாக ஊர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவளும் நம்பிவிடுவாள். நம்பிவிட்டு, பெற்ற தாய்க்கு அழத் தெரியாத பெண் தான் என்ற நினைப்போடு வீட்டுக்குப் போவாள்.

"அஞ்சு நிமிஷம் வெளிய இருங்கம்மா. அந்த சீன எடுத்து வைக்கிறேன்."

அவள் போனதும் மூலக் காட்சியைத் திறந்தார். தன் குரல் தொடங்கும் இடத்துக்கு வந்து நின்றார். அதை வெட்டி எடுத்துவிட்டால் அவர் தப்பித்துவிடலாம். விரல் அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது.

பிறகு இன்னும் பின்னால் போனார். அம்மா வாசலைத் தாண்டினாள், திரும்பிப் பார்த்தாள், கதவைச் சாத்தினாள். கதவு சாத்தி முடிந்த இடத்தில் வெட்டி, அதற்கு முந்தியதைத் தனியே ஒதுக்கினார். தன் குரலைத் தொடவில்லை.

அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். காதில் மாட்டும் கருவியைக் கொடுத்தார். ஓடவிட்டு, எழுந்து சுவர்ப்பக்கம் நின்றுகொண்டார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

அவள் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"அது உங்க குரலா?"

"ஆமா."

"நான் அழலன்னு அம்மா போயிட்டாங்கன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமாம்மா."

"ஆறு வயசுப் புள்ளகிட்ட."

மன்னிப்பு என்ற சொல் வாய்வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"எனக்கும் அந்த வயசுல ஒரு பொண்ணு இருக்கா, சார்."

மாமா போய் சார் வந்திருந்ததை அவர் கவனித்தார்.

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியாது" என்றார். "ஏதோ வாங்கணும்னு சொல்லிக் கடைக்கு அனுப்பிட்டேன். அவங்க திரும்பி வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்தது."

அவள் திரையைப் பார்த்தபடி இருந்தாள். அங்கே குழந்தை வாயைத் திறந்தபடி உறைந்து நின்றது.

"ஒரே ஒரு விஷயம் ஞாபகம் இருக்கு சார். அன்னைக்கு வீட்டுக்குப் போற வழியெல்லாம் அம்மா என்னத் தூக்கிட்டே வந்தாங்க. நான் நடக்கறேன் நடக்கறேன்னு சொல்றேன், எறக்கி விடல. பஸ்ஸுல எடம் இருந்தும் மடியிலயே வச்சிருந்தாங்க. இந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சுன்னே தெரியாம, பாவம், அவங்க பாட்டுக்கு…"

தோள் குலுங்கியது. கைப்பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அம்மா அம்மா என்று அழுதாள்.

அவர் சுவரோடு சுவராக நின்றார். குடும்பத்தார் யாரும் பார்க்காத அழுகை இந்த அறையில் கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் தடவையும் அம்மாவைப் பற்றிப் பொய் சொல்லித்தான் அவளை அழவைத்திருந்தார். அந்த அம்மாள் ஏன் இறக்கிவிடவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதை மட்டும் சொல்ல முடியாது.

அழுது ஓய்ந்ததும் அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"இத நாளைக்குப் போடாதீங்க."

"போடல. டேப் கெட்டுப்போச்சுன்னு ப்ரொட்யூசர் பொண்ணுகிட்டச் சொல்லிடறேன்."

"அதுக்கும் ஒரு பொய்யா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன பண்ணீங்களோ அத அப்படியே சொல்லுங்க சார். கேட்டுட்டு அந்தப் பொண்ணே முடிவு பண்ணட்டும், போடறதா வேண்டாமான்னு. நாளைக்கு நான் வரல."

கதவு வரைக்கும் போனவள் நின்றாள். திரும்பிப் பார்ப்பாள் என்று அவர் நினைத்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொள்ளத்தான் நின்றிருக்கிறாள். மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

வெட்டிய துண்டு திரையின் ஓரத்தில் தனியாகக் கிடந்தது. அதையும், தொடர்ந்து மீதிக் காட்சியையும் ஓடவிட்டார். வாசல், திரும்பிய முகம், கதவு. சாத்தியபிறகும் அந்த அம்மாள் நகரவில்லை என்பதை அன்றைக்கு அவர் பார்க்கவில்லை. கதவின் அடியில் வெளிச்சக்கீற்றில் இரண்டு கால்களின் நிழல் அப்படியே நின்றது. தன் குரல் தொடங்கும் நேரத்தில் அது ஒரு தடவை அசைந்தது.

துண்டை அழித்தார். மீதிக் காட்சியில் கதவின் அடிப்பாகம் தெரியாதபடி படச் சட்டத்தைக் கொஞ்சம் மேலே ஏற்றினார். தன் குரலை ஒருமுறை கேட்டுச் சரிபார்த்தார். தெளிவாக இருந்தது.

பிறகு கதவைத் திறந்து தயாரிப்பாளரைக் கூப்பிட்டார்.

"என்னண்ணா, ரெடியா?" என்று ஓடிவந்தாள். சிரித்த முகம்.

"உள்ள வாம்மா. அந்தப் புள்ளைய எப்படி அழ வச்சேன்னு கேட்டியே."