தண்ணீர் பட்ட சூளை

கமலாவதி குடத்தை இடது கையில் ஏந்தி விரல் கணுவால் தட்டினாள். மொத்தென்றது; உள்ளே கீறல். ஒதுக்கி வைத்தாள்.

முற்றத்தில் பறைமேளம் தொடங்கிவிட்டது. பந்தலின் கீழ் அவள் கணவன் தியாகலிங்கம் கிடந்தான். நேற்றுக் காலை மண் குழைத்துக்கொண்டிருந்தவன் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தான். சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முன்னமே முடிந்துவிட்டது.

"மச்சாள், சந்தையிலை ஒண்டு வாங்கியாறன்," என்றான் தியாகலிங்கத்தின் தம்பி கனகரத்தினம். பிள்ளை இல்லாத வீடு. கொள்ளிக்குடத்தோடு சிதையை மூன்று முறை சுற்றப்போகிறவன் அவன்தான்.

"பானை வனையிற வீட்டுக்குச் சந்தைக் குடமோ?" என்றாள் அயல்வீட்டுச் சின்னாச்சி. "சனம் சிரிக்கும்."

"என்ன செய்யிறது? அண்ணை பிழையா அடுக்கிச் சூளை முழுக்க வெடிச்சுப்போச்செல்லே."

கமலாவதி அடுத்த குடத்தை எடுத்தாள். அடுக்கியதில் பிழை இல்லை. போன கிழமை சூளை எரியும்போது மேலே ஆமியின் ஹெலிகொப்டர் இரைந்தது. தியாகலிங்கம் விறகுக்குப் போயிருந்தான். புகையைக் கண்டு சுடுவான்கள் என்று அவள் இரண்டு வாளி தண்ணீரைச் சூளையில் ஊற்றினாள். ஹெலி போன பிறகும் உள்ளே வெடித்துக்கொண்டிருந்தது.

அவன் ஏசவில்லை. ஆறியதும் எல்லாவற்றையும் இருந்த வரிசைப்படியே பின்வளவில் பரப்பி, தண்ணீர் எங்கெங்கே இறங்கியது என்று குந்தியிருந்து பார்த்தான்.

"மேற்கு மூலையிலை ஏதும் தப்பியிருக்கும். இனி ஹெலி வந்தால் மணலைப் போடு. காஞ்ச மணல்."

ஊருக்குத் தன் பிழை என்றே சொன்னான்.

பின்வளவில் அந்த மேற்கு மூலையில் உடையாமல் கிடந்தவை ஏழு குடங்கள். ஆறு மொத்தென்றன. ஏழாவது கணீரென்றது. கழுத்தைச் சுற்றி அவன் விரலால் இழுத்த செங்காவிக் கோடு. தண்ணீர் நிரப்பி, வெளிப்புறத்தைத் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை. ஆனாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் கத்தியால் ஒரு துளை கொத்துவார்கள். முதல் கொத்திலேயே பிளந்தால், செத்த பிறகும் அவன் பிழைதான்.

"மெல்லப் பிடி, தம்பி," என்று குடத்தைக் கனகரத்தினத்திடம் நீட்டினாள்.

பிரேதம் சுடலைக்குப் புறப்பட்டபோது பெண்கள் படலை வாசலோடு நின்றார்கள்.

பொழுதுபடக் கனகரத்தினம் திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவினான். அவள் துலாவருகே நின்றாள்.

"குடம்?"

"மூண்டு கொத்துக்கும் நிண்டது, மச்சாள். பிறகுதான் போட்டு உடைச்சனான்."

"தண்ணி ஊத்தினது நான்," என்றாள் கமலாவதி. "அவர் வடிவாத்தான் அடுக்கினவர்."

அவன் வாளியைக் கீழே வைத்தான்.

அவள் ஓலைக் கடகத்தை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனாள். காய்ந்த மேல்மணலை மட்டும் கையால் வழித்து நிரப்பி, சூளை வாசலில் கொட்டினாள். பிறகு இன்னொரு கடகம்.