எழுபது மார்க் வெளிச்சம்

செங்கல்பட்டில் வெயிலின் விலை மாதம் நாலாயிரம் ரூபாய். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பிய வளாகத்தில் தெருவைப் பார்த்த கடைக்கு வாடகை பதினெட்டாயிரம். அதற்குப் பின்னால் உள்ளே தள்ளியிருக்கும் கடைக்குப் பதினாலாயிரம். ஒரே அளவு, ஒரே டைல்ஸ், ஒரே ஷட்டர். வித்தியாசம் வெயில் மட்டும்தான். அந்தச் சரக்கு தனக்கு வேண்டாம் என்று சொல்லி மதார் சாகிப் உள்கடையைப் பேசி முடித்தார்.

இருபத்தெட்டு வருஷமாக மேட்சிங் சென்டர் நடத்துகிறவர் அவர். புடவையை மேஜைமேல் வைத்தால் போதும். அலமாரியில் அடுக்கியிருக்கும் அறுநூறு சாயல் ரவிக்கைத் துணியில் ஒன்றை உருவிப் போடுவார். புடவையிலிருந்தே வெட்டியெடுத்த மாதிரி இருக்கும். போர்டு மனைவி சுல்தான் பீவியின் பெயரில் தொங்கினாலும், 'மேட்சிங் பாய்' என்றால்தான் ஆட்டோக்காரருக்கு வழி தெரியும்.

பழைய கடையில் ஒரு வழக்கம் இருந்தது. அவர் எடுத்துக்கொடுத்த துணியையும் புடவையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பெண்கள் தெருவில் இறங்குவார்கள். வெயிலில் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் பர்ஸைத் திறப்பார்கள். இதைத் தன் கண்ணுக்கு நேர்ந்த அவமானமாகவே மதார் சாகிப் எடுத்துக்கொண்டிருந்தார். புதுக் கடையில் அந்தத் தொல்லை ஒழிந்தது. தெருவுக்குப் போக முன்கடையில் இருந்த ஜூஸ் கடைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போக வேண்டும்; யாரும் போகவில்லை. இருபத்திநாலு எல்.இ.டி. விளக்கு மாட்டிக் கடையைக் கல்யாண மண்டபம் மாதிரி ஆக்கிவிட்டார். அப்புறம் வெயில் எதற்கு?

இரண்டு மாதத்தில் துணிகள் திரும்பி வரத் தொடங்கின. முதலில் ஒரு மெரூன், பிறகு ஒரு காப்பிப்பொடி. பொருந்தவில்லை என்றார்கள். மேஜைமேல் வைத்துப் பார்த்தால் கச்சிதமாகப் பொருந்தியது. தனக்குத் தெரிகிறது, ஊருக்குத் தெரியவில்லை என்றால் கோளாறு எங்கே இருக்கும்? மதார் சாகிப் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அலமாரியைப் பார்த்தார். பிறகு மறு கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தார். மகன் சுஹைப் இதைக் கவனித்துவிட்டான். செல்போன் கவர் கடை வைக்கத் துடித்துக்கொண்டிருப்பவன் அவன்.

"அத்தா, கண்ணு போச்சுன்னா கவுரவமா ஒதுங்கிக்கணும். கவருக்கு மேட்சிங்கும் கெடையாது, ஒண்ணும் கெடையாது."

இன்னும் ஒரு துணி திரும்பி வந்தால் கடை உனக்கு என்று மதார் சாகிப் ரோஷத்தில் வாக்குக் கொடுத்துவிட்டார். அன்று மாலையே சுஹைப் புது போர்டுக்கு அளவெடுக்க ஆளைக் கூட்டிவந்தான்.

அந்த வாரம் திரும்பி வந்தது ஒன்றல்ல, ஒன்பது.

கொண்டுவந்தவள் அணுபுரத்துக் கவியா. பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுக்கிற டீச்சர். தங்கை ஹெலன் கல்யாணத்துக்கு ஒன்பது பெண்களுக்கு ஒரே மாதிரி கத்தரிப்பூ நிறப் புடவை எடுத்து, ரவிக்கைத் துணியை மதார் சாகிப்பிடம் வாங்கித் தைத்திருந்தார்கள். மகாபலிபுரம் கடற்கரைக்குப் போட்டோ எடுக்கப் போய், வெயிலில் வரிசையாக நின்றபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புடவை கத்தரிப்பூவாகவே இருந்தது. ரவிக்கை ஒன்பதும் பீட்ரூட். கேமராக்காரர் சிரிப்பை அடக்கத் திரும்பி நின்று கடலைப் படம் எடுத்தாராம்.

அவள் புடவையையும் ரவிக்கைகளையும் மேஜையில் பரப்பினாள். மதார் சாகிப் குனிந்து பார்த்தார். பொருந்தியது. தன் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டார். கல்லாவிலிருந்து எழுந்துவந்த சுல்தான் பீவி, எல்லாம் ஒரே கலர்தானே என்றாள். சாவியை வாங்கிக்கொள்ளும் முகத்தோடு வந்த சுஹைப்பும் பார்த்தான். அவன் முகம் தொங்கிப்போனது. அவனுக்கும் பொருந்தியது.

"மூணு பேருக்கும் ஒரே நாள்ல கண்ணு போவுமா?" என்றார் மதார் சாகிப். பல நாளைக்குப் பிறகு அவர் குரலில் வியாபாரம் திரும்பி வந்திருந்தது.

சண்டைக்கு வந்த கவியா சண்டையை விட்டுவிட்டு மேலே விளக்கைப் பார்த்தாள். கல்லாவில் கிடந்த பழைய சி.டி. ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் பளபளப்பான பக்கத்தை விளக்குக்கு நேராகச் சாய்த்தாள். வானவில் தெரிந்தது. பிறகு எல்லோரையும் ஜூஸ் கடைக் கூட்டத்துக்கு நடுவே தெருவுக்கு இழுத்துப்போய் வெயிலில் சாய்த்தாள். இங்கேயும் வானவில், ஆனால் சிவப்பு பட்டையாக விழுந்தது. கடைக்குள் அது ஓரத்தில் வைத்த பைப்பிங் அளவுக்குத்தான் இருந்தது.

துணிக்கென்று தனியாக நிறம் இல்லை, மேலே விழுகிற வெளிச்சத்தில் எதைத் திருப்பி அனுப்புகிறதோ அதுதான் நிறம் என்று அவள் விளக்கினாள். இந்த ரவிக்கை சிவப்பை நிறைய திருப்பி அனுப்புகிற துணி. கடை வெளிச்சத்தில் சிவப்பே குறைவு என்றால் அது எதைத் திருப்பும்? ஒவ்வொரு நிறமும் ஒரு நீளத்து அலை. ஒரு மில்லிமீட்டருக்குள் சிவப்பு அலை ஆயிரத்து நானூறு நிற்கும், ஊதா இரண்டாயிரத்து ஐநூறு.

மதார் சாகிப்புக்கு இது உடனே பிடிபட்டது. "அப்ப ஊதா நெருக்க நெசவு, சிவப்பு எளக்க நெசவு."

"அப்படியும் வச்சிக்கலாம் பாய்."

"வெளக்குக்காரன் அந்தச் சரக்கத்தான் கொறைச்சிட்டான்."

விளக்கு வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தார்கள். பொடி எழுத்தில் சி.ஆர்.ஐ. 70 என்று இருந்தது. நிறத்தைக் காட்டுவதில் வெயிலுக்கு நூறு மார்க் என்றால் இதற்கு எழுபது என்றாள் கவியா. எடைக் கணக்கு மாதிரி இதைப் பார்க்கக் கூடாது என்றும் சேர்த்துச் சொன்னாள். அந்தப் பின்பாதி மதார் சாகிப் காதில் ஏறவில்லை.

அலமாரியிலிருந்து ஊதாக் கட்டு முழுவதையும் சுஹைப் தலையில் ஏற்றித் தெருவுக்கு அனுப்பினார். வெயிலில் புடவையை ஒரு தடவை பார்த்தார். கையைவிட்டு ஒன்றை உருவிப் போட்டார். ஜூஸ் குடித்துக்கொண்டிருந்த பெண்கள் மூன்று பேர் உறிஞ்சுவதை நிறுத்தினார்கள். புடவை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை.

"கண்ணு நல்லாத்தான் கீதுடி," என்றார் சுல்தான் பீவியிடம். சுஹைப் போர்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றான். ஒன்பது ரவிக்கைத் துணி இலவசம். தையல் கூலி யார் தருவது என்று டீச்சரும் பாயும் அரைமணி நேரம் பேசி, பாதிப் பாதி என்று முடித்தார்கள்.

கையில் பெட்டியோடு மதார் சாகிப் நேரே விளக்கு வாங்கிய முனிசாமியின் எலெக்ட்ரிகல் கடைக்குப் போனார்.

"இன்னா பாய், லைட்டு எரியலையா?"

"எரியுது. அளவு கொறையுது. நூறு தர வேண்டிய எடத்துல எழுபது குடுத்துகினு கீற. மீதி முப்பது எங்க?"

முனிசாமி தான் விற்ற பெட்டியை முதல் தடவையாகப் படித்துப் பார்த்தார். "ஒண்ணுக்கு நூத்தியெட்டு ரூபா குடுத்த. அந்த டப்புக்கு சூரியனையா கழட்டித் தருவாங்க?"

"சூரியன் வேணாம்பா. கொறைஞ்ச செவப்ப மட்டும் குடு."

கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் மதார் சாகிப் பெட்டியைக் காட்டத் தொடங்கவே, முனிசாமி தொண்ணூறு மார்க் விளக்கு ஒன்றை எடுத்துக் கையில் திணித்து வழியனுப்பினார். அதை மேட்சிங் மேஜைக்கு நேர்மேலே மாட்டிவிட்டு, மதார் சாகிப் நோட்டைத் திறந்து எழுதினார்:

முனிசாமி. விளக்கு 24. குறைந்த வெளிச்சம், விளக்குக்கு 30 வீதம், 720. ஒரு விளக்கு மாற்றியதில் வரவு 20. பாக்கி 700.