படிக்குக் கீழே கோதுமை பியர்

1992ஆம் ஆண்டு சித்திரை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மனோர் பார்க்கில் ஆனந்தராஜா மூடி திறந்த பியர் போத்தல் அவன் கன்னத்தில் அறைந்தது. போத்தலுக்குள்ளிருந்து கை ஏதும் வரவில்லை, அறை மட்டும் வந்தது. கன்னத்தில் நாலரை விரல் பதிந்திருந்தது. ரொட்டித் தொழிற்சாலை இயந்திரத்துக்குச் சுண்டுவிரலில் பாதியைக் கொடுத்தவன் அந்தத் தெருவில் அவன் ஒருவன்தான் என்பதால், அது யாருடைய அடி என்று எவரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் 85இல் ஊரைவிட்டு வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்தவன். மா மூட்டை சுமந்தான், சுமந்த தோளோடு பப்புக்குப் போனான், அங்கே வாங்கிய அடியையும் கொடுக்காமல் மிச்சம் வைத்த அடியையும் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவி தவநாயகியின் மேல் இறக்கினான். 89இல் அவளுடைய இடது முன்கை முறிந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது படியில் விழுந்ததாகச் சொன்னாள். அடுத்த வருடம் விலா எலும்பு, அதற்கும் படி. அதற்கடுத்த வருடம் வயிற்றுப்பிள்ளை, அதற்கும் படிதான். 92இல் மறுபடியும் பிள்ளை தங்கியிருந்தது. இந்தப் பிள்ளை படியில் விழக்கூடாது என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பில்லை.

ஒருவனின் தாடையை உடைத்ததால் பப்பில் ஆனந்தராஜாவை உள்ளே விடாமல் நிறுத்தினார்கள். தகரத்தில் அடைத்து விற்கிற பியர்ப் பாகைக் கரைத்து வீட்டிலேயே பியர் செய்தான். குதிரை மூத்திரம் என்றார் கூட வேலைசெய்த பஸ்தியாம்பிள்ளை. ரோசம் வந்து, முழுத் தானியத்திலிருந்தே காய்ச்சுவதென்று முளைகட்டிய கோதுமையும் பார்லியும் உடைத்து வாங்கிவந்து, பொங்கல் கிடாரத்தில் சுடுதண்ணீர் விட்டு ஊறவைத்தான். சாறு வடிய வழிவிடும் உமி பார்லிக்கு உண்டு, கோதுமைக்கு இல்லை, அவன் போட்டதில் கோதுமையே கூட. எல்லாம் களியாக இறுகி ஒரு சொட்டும் வடியவில்லை. தேங்காய்ப்பால் பிழிகிற பழக்கத்தில் தவநாயகியின் நூல் சேலையைக் கிழித்து அதில் களியைக் கட்டி, ஒரு நுனியை அவளிடம் கொடுத்து முறுக்கினான். அவள் பிடி நழுவி, சுடுசாறு அவன் காலில் கொட்டியது. அகப்பைக் காம்பால் அவள் வாயில் அடித்தான். உதட்டு இரத்தம் கிடாரத்துக்குள் விழுந்தது. வெளியே ஊற்றிவிட மனமில்லாமல், கசப்புக்கு ஹொப்ஸ் பூவைப் போட்டு அப்படியே கொதிக்கவிட்டு, ஆறியபின் ஈஸ்ட் தூவி, காற்று வெளியேற மூடியில் குழாய் வைத்த வாளியில் அடைத்தான்.

மறுநாள் அவன் அடித்தபோது அவளுக்கு நோகவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. அடி வாளிக்குள் போய், குழாய் ஒருதரம் கொப்பளித்தது. முதுகில் குத்தினான், மறுபடியும் கொப்பளித்தது. தவநாயகிக்கு விளங்கிவிட்டது.

"இஞ்சருங்கோ, கடைக்காரன் ரெண்டு கிழமை விடச் சொன்னவனெல்லே. வாளியிலேயே கிடக்கட்டும்."

"கள்ளு ரெண்டு கிழமையே கிடக்குது? விடிய இறக்கினால் பின்னேரம் முடிஞ்சுது. வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும். நீ வாயைப் பொத்தடி."

மூன்றாம் நாளே, நுரை அடங்குமுன், போத்தல்களில் ஊற்றி மூடி அடித்துப் படிக்குக் கீழே அடுக்கினான். காலியான வாளியைப் பார்த்தபடி தவநாயகி வயிற்றைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை பஸ்தியாம்பிள்ளை வந்தார். முதற் போத்தல் அறைந்ததும், "தம்பி, உதுக்கு உம்மோட என்ன கோவம்?" என்று கேட்டார்.

"காஸ் கூடிப்போச்சு அண்ணை."

இரண்டாவது போத்தல் குத்தியதில் முன்பல் போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்தது. மூன்றாவது வயிற்றில் உதைத்தது. சுருண்டு விழுந்து வாந்தியெடுத்தவன், "என்ர வீட்டில எனக்குக் கை நீட்டுறது ஆர்?" என்று எழுந்து நான்காவதை நிலத்தில் அடித்தான். போத்தல் உடையவில்லை. அவனுடைய இடது முன்கை முறிந்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. தவநாயகி அதே போத்தலை எடுத்துத் திறந்து பஸ்தியாம்பிள்ளைக்கு ஊற்றிக் கொடுத்தாள். வாழைப்பழ வாசமும் கொஞ்சம் கராம்பு வாசமும் இருந்தன. "இது பியர்" என்றார் அவர்.

ஆஸ்பத்திரியில் ஆனந்தராஜா, "படியில விழுந்தன்" என்றான். ஒரே விலாசத்தில் இரண்டு முன்கை, ஒரு விலா, ஒரு பிள்ளை. அப்படிப்பட்ட படியைச் சும்மா விடமுடியாது என்று டொக்டர் வீட்டுக்குச் சொந்தக்காரரான கவுன்சிலுக்குச் சொல்ல, கவுன்சில் தச்சனை அனுப்பி இரண்டு பக்கமும் கைபிடி போட்டது.

ஐப்பசியில் சிவகௌரி பிறந்தாள். 94இல் ஒருநாள், கறியில் உப்புக் கூடியதற்கு ஆனந்தராஜா கையை ஓங்கினான். படிக்குக் கீழே போத்தல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. ஓங்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு மிச்சச் சோற்றைச் சாப்பிட்டான். வருடாவருடம் நத்தார்ப் பண்டிகைக்குப் பஸ்தியாம்பிள்ளைக்கு ஒரு போத்தல் போனது. மற்றவற்றைத் தவநாயகி தூசி தட்டி வைத்தாள்.

98இல் கவுன்சில்காரர் ஒருவர் கைபிடியைப் பார்க்க வந்தார். அதன்மேல் சறுக்கிவந்த சிவகௌரி அவர் காலடியில் இறங்கினாள். கைபிடி போட்ட பிறகு யாராவது விழுந்தார்களா என்று கேட்டார். தவநாயகி இல்லை என்றாள். ஆனந்தராஜாவும் இல்லை என்றான். அவர் கைபிடியை ஒருதரம் ஆட்டிப் பார்த்து, நல்ல வேலை என்று சொல்லிவிட்டுப் போனார்.