நிறுத்தச் சொன்னவர்கள்

ஜெயசீலி அந்தச் செய்தியைக் கடைசி எழுத்துவரை அடித்து முடித்த பிறகுதான் போனில் அந்தப் பெண் அலறினாள். எதையோ கொண்டு மண்டையில் அடித்த சத்தம், ஓர் ஆணின் கெட்ட வார்த்தை, கண்ணாடி நொறுங்கும் ஓசை. அப்புறம் வெறும் லைன்.

ஜெயசீலி ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். "யூனிஸக்கா, ஒரு பொம்பளைய போன்லயே அடிச்சுட்டாங்கக்கா!"

பேஜர் என்ற சின்ன டப்பாவை இடுப்பில் மாட்டிக்கொண்டு ஆண்பிள்ளைகள் நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த தொண்ணூற்று ஏழாம் வருஷம் அது. தாம்பரத்தில், செங்கல்பட்டுக்குப் போகும் ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்த மாடியில் அந்தப் பேஜர் கம்பெனி இருந்தது. வெளியூரிலிருந்து போனில் செய்தி சொன்னால் ஜெயசீலி அதைக் கேட்டு அடிப்பாள். இயந்திரம் அதை வரிசையில் நிறுத்தி, மலைமேல் இருக்கும் டவருக்கு அனுப்பும். அங்கிருந்து யார் இடுப்பில் சேர வேண்டுமோ அங்கே போய்க் கத்தும். இயந்திரத்தைக் கட்டி மேய்ப்பது யூனிஸின் வேலை. சேலையூர்க்காரி. அதிகம் பேசமாட்டாள், பேசினால் விடமாட்டாள்.

யூனிஸ் திரையில் செய்தியைப் படித்தாள். 'வண்டலூரில் பூவராகன் ஆட்கள் கத்தியோடு நிற்கிறார்கள். பஸ்ஸில் வராதே. தாம்பரத்தில் இறங்கி ட்ரெயின் பிடி. கனகவல்லி.' வடிவேலு என்பவரின் எண்ணுக்குப் போக வேண்டிய செய்தி.

விஷயம் என்னவென்று அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். கூடுவாஞ்சேரியில் ஏரிக்கரையை வளைத்து மனை போட்டு விற்றவன் பூவராகன். தடுக்கப் போன ஒரு கிழவரைப் பட்டப்பகலில் அவன் ஆட்கள் வெட்டிப்போட்டார்கள். பார்த்தவர் ஐம்பது பேர் இருப்பார்கள். பார்த்தேன் என்று சொல்ல வந்தவர் வடிவேலு ஒருத்தர்தான். சைதாப்பேட்டையில் ஒளிந்திருந்த மனிதர், அன்றைக்கு மத்தியானம் செங்கல்பட்டு கோர்ட்டில் சாட்சி சொல்லப் பஸ் ஏறியிருந்தார். கனகவல்லி அவர் பெண்டாட்டி.

"போயிருக்குமா அக்கா?"

"போகல. வரிசையில நிக்குது."

மழையில் டவருக்குப் போகும் லைன் இழுத்துக்கொண்டிருந்தது. அதனால் காலையிலிருந்து செய்திகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து அரை மணிக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு கட்டு இப்போதுதான் போயிருந்தது. அடுத்தது போவதற்குள் வடிவேலுவின் பஸ் வண்டலூரைத் தொட்டுவிடும்.

ஜெயசீலியின் மேஜையில் மறுபடி போன் அடித்தது. பழக்கதோஷத்தில் ஓடிப்போய் எடுத்தாள். ஒரு கனத்த குரல் எண் சொன்னது, செய்தி சொன்னது: 'வேலை முடிந்ததா? உடனே போன் போடு.' யார், என்ன வேலை என்று கேட்பது அவள் தொழிலில் கிடையாது. அடித்தாள். அது வடிவேலுவின் செய்திக்குப் பின்னால் போய் நின்றது. வந்த வரிசையில்தான் போகும், யாரும் முண்டிக்கொள்ள முடியாது.

யூனிஸ் கீபோர்டை இழுத்தாள். உடனே அனுப்ப ஒரு வழி இருந்தது.

அந்த யூனிக்ஸ் இயந்திரத்தில் ஓடும் ஒவ்வொரு வேலையையும் எழுப்பவும் நிறுத்தவும் தனித்தனி ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைப் பட்டியல், உண்டு. எல்லா ஸ்கிரிப்டுக்கும் ஒரே ஒழுங்கு. ஸ்டார்ட் என்றால், ஏற்கெனவே ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு எழுப்ப வேண்டும். ஸ்டாப் என்றால், வாசலை மூடி, உள்ளே இருக்கிறவர்களை உடனே அனுப்பிவைத்துவிட்டுத்தான் விளக்கை அணைக்க வேண்டும். கடைசிப் பந்தி எழுந்திருக்காமல் எந்தச் சமையல்காரனும் அடுப்பை அவிப்பதில்லை, அந்த மாதிரி. ஆக, ஸ்டாப் கொடுத்தால் அரை மணிக்கெல்லாம் காத்திராமல் வரிசை முழுவதும் அப்போதே கிளம்பிவிடும்.

"ஸ்டாப் பண்ணிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்றேன் சார்."

மேனேஜர் தோத்தாத்ரி பதறிவிட்டார். கெட்டவர் இல்லை. பயந்தவர், அதற்குமேல் அவசரக்காரர். இந்த ஸ்டாப் நிமிஷக்கணக்கில் இழுக்கிறது என்று யூனிஸோடு பல நாள் சண்டை போட்டவர். அவர் தொல்லை தாங்காமல்தான் அவள் மூன்றாவதாக ஒரு வார்த்தையையும் அதில் சேர்த்து வைத்திருந்தாள். ஃபோர்ஸ். அது யாரையும் அனுப்பிவைக்காது. கழுத்தைத் திருகும், வரிசையையும் துடைத்துப்போடும்.

"லைன் இருக்கிற லட்சணத்துல ஸ்டாப் போட்டு பாதியில மாட்டிண்டா? போலீஸுக்கு போன் பண்ணலாம்மா, இரு" என்றார். பண்ணினார். கூடுவாஞ்சேரி லைன் கிடைக்கவில்லை. மறுபடி பண்ணினார். யூனிஸுக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒரு மனுஷன் சாகப்போறார் சார்!" என்று கத்திவிட்டு அவள் முதல் எழுத்தை அடிக்கும்போது வெளிக்கதவு உடைந்து விழுந்தது.

மூன்று பேர். முன்னால் வந்தவன் குப்புராஜ். தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறிக்காரிகளிடம்கூட மாமூல் பிடுங்குகிறவன். இடுப்பில் ஒரு பக்கம் பேஜர், இன்னொரு பக்கம் சட்டைக்குள்ளிருந்து உருவிய அருவாள். ஒருவன் ஜெயசீலியின் முடியைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துவந்தான். இன்னொருவன், "யாருப்பா நீங்க" என்று எழுந்த தோத்தாத்ரியின் முகத்தில் சைக்கிள் செயினைச் சுழற்றி வீசினான். கண்ணாடி பறந்தது. கன்னம் கிழிந்து, அவர் நாற்காலியோடு சாய்ந்தார்.

"கூடுவாஞ்சேரிலேர்ந்து ஒரு பொம்பள போன் பண்ணாளே, அது இன்னா ஆச்சு?" என்றான் குப்புராஜ்.

பதிலுக்கு நிற்காமல் அவன் அருவாளைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் ஜெயசீலியின் தோளில் ஓங்கி இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அவள் கத்தக்கூட முடியாமல் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"இன்னும் போகல!" யூனிஸ் அலறினாள். "மெஷின்லதான் இருக்கு. அவள விடு!"

"இந்தப் பொட்டிலயா கீது? டேய், ஒயரப் புடுங்குடா."

ஒயரைப் பிடுங்கினால் வடிவேலு தொலைந்தார்.

"ஒயரப் புடுங்கினா நிக்காது" என்றாள். "செய்தியெல்லாம் டிஸ்க்ல இருக்கு. நாளைக்கு யார் கரண்ட் போட்டாலும் அதுவா எல்லாத்தையும் அனுப்பிடும். போலீஸ் கையில கெடச்சா அவங்களும் படிப்பாங்க. முறையா நிறுத்தினாத்தான் நிக்கும்."

இதில் பொய் ஒன்றும் இல்லை, கடைசி வார்த்தையைத் தவிர. குப்புராஜ் யோசித்தான். யோசிப்பது அவனுக்குப் பழக்கமில்லாத காரியம் என்பதால் அருவாள் முனையால் காதைச் சொறிந்துகொண்டான்.

தரையிலிருந்து தோத்தாத்ரி இரத்தத்தைத் துப்பிவிட்டு அழுதார். "யூனிஸ், ஃபோர்ஸ் போடும்மா. சட்டுனு முடிஞ்சுடும். எங்களை விட்டுடுங்கோப்பா, அதைப் போட்டா ஒண்ணுமே போகாது."

யூனிஸுக்கு அவரைக் கொன்றுபோடலாம் போலிருந்தது.

"ஆங், சாருக்குத் தெரிஞ்சுகீது. அதப் போடும்மா." குப்புராஜ் அருவாளை அவள் பின்கழுத்தில் வைத்தான். இரும்பு மழையில் நனைந்து சில்லென்றிருந்தது. "வேற எதுனா பண்ண, தல உன் மடியில வுழும்."

அவள் அடித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. ஃபோர்ஸ் அடிக்கவில்லை. ஸ்டாப் அடித்தாள். என்டர் பட்டனைத் தட்டுவதற்குள் குப்புராஜ் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினான். தோத்தாத்ரியின் சட்டைக் காலரைப் பற்றித் தூக்கித் திரைமுன் முகத்தை அழுத்தினான்.

"சாரு, நீ சொன்னது இதானா?"

தோத்தாத்ரி கண்ணாடி இல்லாமல், மூக்கு திரையில் இடிக்கப் பார்த்தார். நான்கே எழுத்து. அவருக்கு அது புரிய அதிக நேரம் ஆகவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வீட்டுக்குப் போகலாம். அவருக்கு வயதுக்கு வந்த பெண் ஒருத்தி இருக்கிறாள், நங்கநல்லூரில் வீட்டுக்கடன் இருக்கிறது.

"இதேதான்" என்றார் தோத்தாத்ரி.

அவள் தட்டினாள். திரையில் ஸ்டாப்பிங் என்று எழுத்து வந்தது. எட்டாவதுவரை படித்த குப்புராஜ் அதை எழுத்துக்கூட்டிப் படித்துத் திருப்திப்பட்டுக்கொண்டான். அதன் பக்கத்தில் ஒரு புள்ளி விழுந்தது. பிறகு இன்னொன்று. ஒரு புள்ளி விழுந்தால் ஒரு செய்தி போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். அதை எழுதியவளுக்கு மட்டும்தான் அது தெரியும்.

புள்ளிகள் மெதுவாக விழுந்தன. லைன் இழுத்தது. நடுவில் ஓரிடத்தில் நின்றேவிட்டது. கர்த்தரே, கர்த்தரே என்று அவள் உள்ளுக்குள் கெஞ்சினாள். வடிவேலு எத்தனையாவது என்று அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே செங்கல்பட்டுப் பஸ் ஒன்று தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போனது. அதில் அவர் இருந்தாரோ என்னவோ.

"இன்னா இவ்ளோ நேரம்?"

"பெரிய மெஷின். நேரமாகும்."

மறுபடி ஒரு புள்ளி விழுந்தது. அதை அடுத்து இன்னொன்று.

அப்போது குப்புராஜின் இடுப்பில் இருந்த பேஜர் பீப் பீப் என்று கத்தியது.

அவன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, வாய்விட்டுப் படித்தான். 'வேலை முடிந்ததா? உடனே போன் போடு.' ஏரியையே மடித்து விழுங்கத் தெரிந்த பூவராகனுக்கு, எந்தக் கம்பெனியை நிறுத்த ஆள் அனுப்பினோமோ அந்தக் கம்பெனி மூலமாகவே விசாரிக்கிறோம் என்கிற அறிவு இல்லை.

குப்புராஜுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. உறைத்ததும் முகம் கறுத்தது. "நிறுத்திக்கினு கீறேன்னு அனுப்பிக்கினு கீறியாடி!"

சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு சிலிண்டரை அவன் பிடுங்கினான். கீபோர்டின் மேல் இருந்த அவள் வலது கையைக் கூட வந்தவன் ஒருவன் அழுத்திப் பிடித்துக்கொண்டான். சிலிண்டர் ஒருமுறை இறங்கியது. மறுமுறையும் இறங்கியது. விரல்களுக்கும் பட்டன்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அப்புறம் அவன் இயந்திரத்தின் மேல் பாய்ந்தான். திரை வெடித்தது, தகரம் நசுங்கியது, புகை வந்தது. ஒயரையும் கடைசியில் பிடுங்கினான், ஆசைக்கு. பிறகு அவள் முடியைப் பிடித்து முகத்தைத் தூக்கினான்.

"வடிவேலுக்குப் போச்சா? நெஜத்தச் சொல்லு!"

யூனிஸுக்கு வலியில் கண் இருட்டியது. உதட்டைக் கடித்ததில் வாய்க்குள் இரத்தம். ஆனால் அந்தப் பீப் சத்தம் காதிலேயே நின்றது. அவள் அழுதாள். அழுவதற்குக் காரணம் வேறு என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

"போகல" என்றாள். "அது உன்னோடதுக்குப் பின்னாடி இருந்துச்சு. அதுக்குள்ள ஒடச்சுட்ட."

ஜெயசீலி தொங்கும் தோளோடு சுவரில் சாய்ந்து, தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு செய்தியையும் அடித்தவள் அவள். எது முன்னால், எது பின்னால் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

குப்புராஜ் சிரித்தான். சிதறிக் கிடந்ததை ஒருமுறை உதைத்துவிட்டு, ஆட்களோடு படியிறங்கினான்.

தோத்தாத்ரி தரையில் தவழ்ந்து வந்தார். "போச்சேம்மா, அந்த மனுஷன் போயிட்டாரே. நான்தான்... முதல்லயே உன்னை விட்டிருந்தா..."

"அவன் பேஜர் அடிச்சுதே சார்" என்றாள் யூனிஸ். "வரிசையில அவனுக்கு முன்னாடி நின்னவர்தான் வடிவேலு."

தோத்தாத்ரி அவளையே பார்த்தார். பிறகு கிழிந்த கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார்.

வடிவேலு வண்டலூருக்கு முந்தின பெருங்களத்தூரில் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்து, முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு, தண்டவாளத்தோடு நொண்டி நடந்து ட்ரெயின் பிடித்தார். வண்டலூரில் பூவராகன் ஆட்கள், செய்தி போகவில்லை என்று குப்புராஜ் கொடுத்த தைரியத்தில் பஸ் பஸ்ஸாக ஏறித் தேடினார்கள். மறித்த ஒரு கண்டக்டரின் மண்டையை உடைத்தார்கள். இருட்டுகிறவரை நகராமல் நின்று, போலீஸ் கையில் மொத்தமாக மாட்டினார்கள். அதற்குள் வடிவேலு கூண்டில் ஏறிப் பெயர்களைச் சொல்லி முடித்திருந்தார். கனகவல்லிக்கு இடது காது அன்றோடு போய்விட்டது. யூனிஸ் ஸ்டாப் போடாமல் அரை மணி காத்திருந்தால் அந்தச் செய்தி அடுத்த கட்டில், பிணத்தின் பையில்தான் கத்தியிருக்கும்.

புது இயந்திரம் வந்தபோது யூனிஸின் கை மாவுக்கட்டில் இருந்தது. இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் சொல்லச் சொல்லத் தோத்தாத்ரி ஸ்கிரிப்டை அடித்தார். கன்னத்தில் தையல் இழுத்ததால் வாயைக் கோணிக்கொண்டு அடித்தார். ஸ்டார்ட் முடிந்தது, ஸ்டாப் முடிந்தது. ஃபோர்ஸ் வந்ததும் கையை எடுத்துவிட்டார்.

"இது வேண்டாம்மா. விட்டுடலாம்."

"வேணும் சார். நெருப்பு புடிச்சா வேணும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வரி சேருங்க. வரிசையில யார் யார் நிக்கிறாங்கன்னு மொதல்ல காட்டட்டும். காட்டிட்டு ஒரு கேள்வி கேக்கட்டும்."

"என்னன்னு கேக்கணும்?"

யூனிஸ் தன் கையைப் பார்த்தாள்.

"இவங்கள விட்டுட்டுப் போகலாமான்னு."

தோத்தாத்ரி அடித்தார். கண் கலங்கி எழுத்து தப்பானது. அழித்துவிட்டு மறுபடி அடித்தார்.